தேட வேண்டிய இடங்களின் பட்டியல்

அப்படி ஒரு கோப்பு இல்லை என்று மூன்றாவது தடவையாகவும் சொல்லிவிட்டது. இல்லையாம். மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் எரர் மாறிவிடும் என்று, இருபத்திரண்டு வருஷம் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக உட்கார்ந்து தேய்ந்த பிறகும், மனசின் ஏதோ ஒரு மூலை நம்பிக்கொண்டுதான் இருக்கிறது. மாறவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை வரி, வரிக்குக் கீழே விட்டு விட்டு மின்னும் அந்தச் சின்னக் கட்டம், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி. என்னத்தைச் சொல்ல. மணி ஒன்பது நாற்பது. கீழே அண்ணன் வீட்டு அடுக்களையில் ரவை வறுபடுகிற வாசம் மாடிப்படி ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, அவள் கழுத்து வியர்வையோடு ஒட்டிக்கொண்டது. நெய்யைத் தாராளமாகவே விட்டிருக்கிறாள் மதினி. பேத்திக்குப் பேர் விடுகிற நாள், விடத்தானே செய்வாள். பதினொன்றரைக்குள் பேர் விட்டாக வேண்டும், அதற்குமேல் நேரம் சரியில்லை என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டியது தாத்தா. தாத்தா என்றால் அண்ணன். அண்ணன் சிவசைலத்துக்கோ ஏழு மாசமாகக் குரலே கிடையாது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் வெள்ளைத் துணி, மூச்சு போவதும் வருவதும் அது வழியாகத்தான். அந்தக் குரல் இப்போது இந்த லேப்டாப்பில் இருக்கிறது. அவள்தான் வைத்திருக்கிறாள், ஒரு கோப்பாக, பத்திரமாக. அதைப் பேச வைக்க வேண்டிய புரோகிராம்தான் இல்லை இல்லை என்று கையை விரிக்கிறது. “நீதான் பேர் சொல்லணும், ஒன் குரல்லயே சொல்லுவ, அதுக்கு நான் ஆச்சு” என்று போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் முன்னால் நெஞ்சைத் தட்டிக்கொண்டாளே, யார் கேட்டார்கள் அவளை? ஒருத்தரும் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. நடுவில் வந்த வார்த்தைதான் இப்போது அவளை இங்கே மொட்டை வெயிலில் மாடி அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

போன தை மாசம், ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றைக்குத் தோன்றிய யோசனை இது. பதினொரு நாள் கையில் இருந்தது. தன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, காற்றாடியை நிறுத்தி, மைக்கை மடக்கு நாற்காலியில் கட்டி, அண்ணனை முன்னால் உட்காரவைத்து, அறுநூற்று நாற்பது வாக்கியங்களை வாசிக்கச் சொன்னாள். தமிழில் உள்ள எல்லா ஒலியும் எல்லா ஒலியோடும் ஒரு தடவையாவது சேர்ந்து வர வேண்டும் என்று தேடித் தேடி எழுதிய வாக்கியங்கள். முப்பத்தோரு வருஷம் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன்; படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரு குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவன் கல்லிடைக்குறிச்சியில் சரியாக எழுந்து இறங்குவான். அந்தக் குரல் அப்போதே உடைந்து, அரைத்த மாவில் மணல் கலந்த மாதிரி கரகரத்துக் கொண்டிருந்தது. “ஏட்டி, ஞமலி ஞாபகமாக ஞாயிற்றுக்கிழமை வந்ததுன்னு எழுதியிருக்கியே, ஞமலின்னா யாரு?” “நாய்ண்ணே.” “நாய்னு எழுத வேண்டியதானளா?” “ஞ வேணும்ணே.” “எனக்கு எதுக்கு ஞ? முப்பத்தோரு வருசத்துல ஒருத்தனும் எங்கிட்ட ஞ-ன்னு ஒரு ஊருக்கு டிக்கெட் கேக்கலயே” என்று அவன் சிரிக்க, சிரிப்பு இருமலாக, இருமல் நிற்காமல், அவள் தண்ணீர் எடுக்க ஓட, அந்த ஓட்டம்கூடப் பதிவாகி இருக்கிறது. காகம் கத்தியது பதிவாகி இருக்கிறது. அறுநூற்று நாற்பதாவது வாக்கியம் முடிந்ததும், “முடிஞ்சிச்சா? அவ்வளவுதானா?” என்று கேட்டானே, அதுவும். அழிக்கவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை அவள். கல்லூரி லேபில், லீவு நாள்களில், ரெண்டு மாசம் அதைப் பாகம் பாகமாக வெட்டி, பழக்கி, ஒரு குரலாக ஆக்கியிருந்தாள். லேப் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு தடவை பேசவிட்டுப் பார்த்தாள். பேசியது. ஜலதோஷம் பிடித்த அண்ணன் மாதிரி, ஆனால் அண்ணன்தான். வந்து சொன்னபோது அவன் இடுப்பில் தொங்கும் நோட்டை எடுத்து, இப்ப வேண்டாம், என்று எழுதிக் காட்டினான். எப்போது வேண்டும் என்று எழுதவில்லை. லேப் கம்ப்யூட்டரை இங்கே அம்பாசமுத்திரத்து அண்ணன் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வர முடியாது. அவளுடைய லேப்டாப்பில் இருந்த பேச்சு புரோகிராமோ பழசு, இந்தப் புதுக் குரலைக் காட்டினால் திருதிரு என்று முழிக்கிறது. புதுசைத் தயார் நிலையில் எவரும் கொடுப்பதில்லை. எழுதினவர்கள் எழுதின வரிகளை அப்படியே இறக்கி, நம் வீட்டிலேயே கம்பைல் பண்ணிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு லைப்ரரி என்கிற துணைக் கோப்புகள் ரெண்டு வேண்டும், வார்த்தையை ஒலியாக்க ஒன்று, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒன்று. நேற்று சாயங்காலம் மதினியிடம், “லைப்ரரி கட்டிக்கிட்டு இருக்கேன் மதினி” என்றதற்கு, அவள் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே, “நல்ல காரியம், எந்தத் தெருவுல?” என்று கேட்டாள். நினைத்ததும் மங்கைக்கு இந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. தெரு. அதுதானே கேள்வி. எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாமல்தானே இது முழித்துக்கொண்டிருக்கிறது.

ஏனென்றால் கோப்பு, வார்த்தையை ஒலியாக்குகிற அந்த லைப்ரரி, இருக்கிறது. கண்ணால் பார்த்தாள். காலையில் அவளே கட்டி, அவளே கொண்டுபோய் வைத்த ஃபோல்டரில், வைத்த பேரோடு, வைத்த நாழிகையோடு உட்கார்ந்திருக்கிறது. இருக்கிறதைப் போய் இல்லை என்கிறது. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவள் சொல்லிக்கொடுப்பதுதான் இது: கம்ப்யூட்டருக்குத் தேடத் தெரியாது, பட்டியல் போட்டுக் கொடுத்த இடங்களில் மட்டும் வரிசையாகப் பார்க்கும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், பட்டியலில் இல்லாத இடத்தில் மூக்குக்கு நேரே வைத்தாலும் இல்லை என்றுதான் சொல்லும், அந்தப் பட்டியலுக்குத்தான் பாத் என்று பேர். ஆம்பிளைகள் உப்பு தேடுகிற மாதிரி என்றால் பெண்பிள்ளைகள் சிரிப்பார்கள், பையன்கள் குனிந்துகொள்வார்கள். அப்படியானால் அவள் வைத்த ஃபோல்டர் பட்டியலில் இல்லையா? பார்த்தாள். இருந்தது. இருந்துமா? கை நெற்றியில் அறைந்தது. பட்டியலில் இருந்தால் போதாதே, புதுசாக ஒன்று வந்திருக்கிறது, ஒரு சுற்றுப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே. அதுவாகப் பழைய ஞாபகத்திலேயே இருக்கும். ஒரே வரி. அதைத் தட்டினாள். சத்தமில்லாமல் ஒரு நொடி யோசித்தது. புரோகிராமை மறுபடி ஓடவிட்டாள். அந்த வரி வரவில்லை! நெஞ்சு குப்பென்று மேலே வந்து, வாய் ‘ஆங்’ என்று ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. வேறு வரி வந்திருந்தது. இப்போது இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் நான் கேட்கிறது இதற்குள் இல்லை என்கிறது. ஸ்பீக்கருக்கு அனுப்புகிற ஒலி லைப்ரரிக்குள் ஏதோ ஒரு வேலையைத் தேடுகிறதாம், அந்த வேலை அதற்குத் தெரியவில்லையாம். நேற்றுத்தானே புதுசாகக் கட்டினேன் உன்னை, எப்படித் தெரியாமல் போகும்? தப்பாகக் கட்டிவிட்டோமோ. ரவை வாசம் போய் ஏலக்காய் வாசம் வந்திருந்தது. மணி பத்து ஐந்து. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டலாம், அரைமணி ஆகும். ஆகட்டும். பயந்தவர்கள் எல்லாரும் செய்கிற காரியம் அது, வீட்டில் ஒரு சாவி காணோம் என்றால் வீட்டையே கழுவிவிடுவது. தெரிந்தும் செய்தாள். செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது.

வரிகள் ஓட ஆரம்பித்தன. திரையில் கீழிருந்து மேலே, நிற்காமல், தாமிரபரணியில் தண்ணீர் திறந்துவிட்ட அன்றைக்குக் கல்மண்டபத்துப் படியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, எதையும் வாசிக்க முடியாமல், கண்ணை எடுக்கவும் முடியாமல். ஒன்பது சதவிகிதம். இதே மாதிரி கண்ணெடுக்காமல்தான் ஆபரேஷன் அன்றைக்கு ஒரு வெளிச்சத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்துக்கொண்டிருந்தாள், சிவப்பாக, கதவுக்கு மேலே, எரியும்வரை உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் மதினி ஆறு மணி நேரம் தன் வளையலையே சுற்றிச் சுற்றிக் கொண்டிருந்தாள். வெளியே கொண்டுவந்தபோது அண்ணன் வாயைத் திறந்தான். பழக்கதோஷம். காற்றுகூட வரவில்லை. அவன் முகத்தில் வந்தது வலி இல்லை, அதை அவள் நன்றாகப் பார்த்தாள், ஒரு ஆச்சரியம், பையில் கைவிட்டு ஒன்றும் இல்லாமல் எடுக்கிறவன் முகம். பதினெட்டு சதவிகிதம். வேண்டாம், இதை இப்போது நினைக்க வேண்டாம். நல்லதை நினைக்கலாம். உயிர் இருக்கிறது. டாக்டர் போன மாசம் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்றார். அண்ணன் வீடு திரும்பும் வழியெல்லாம் காரின் கதவில் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். மணம் தெரியாது இப்போது, மூக்கு வழியாக மூச்சு இல்லையே. ஆனாலும் கேசரியைக் கிளறும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்கிறான், பார்க்கிறதுக்கு. பேத்தி பிறந்த அன்றைக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதினான், மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரி, விரல் யார் மாதிரி. பேரையும் அவன்தான் முடிவு பண்ணினான். யாருக்கும் சொல்லவில்லை, மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்கூட, “அப்பா என்ன வச்சாலும் சரி” என்று கல்யாணி சொல்லிவிட்டாள். முப்பத்து நாலு. சரி, அவனுக்கு இது வேண்டுமா? இதுதான் அடியில் கிடக்கிற கல். தண்ணீரைக் கலக்கினால் கண்ணுக்குத் தெரியாது, தெளிந்தால் அங்கேயேதான் கிடக்கும். அவன் கேட்டானா? இல்லை. இப்ப வேண்டாம் என்றான். போனவர்களின் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி, இல்லாத குரலை எடுத்து ஊர் நடுவில் வைத்து, பார் பார் என்று காட்டுவதற்கு அவள் யார்? அவனுக்காகவா செய்கிறாள்? அந்தக் குரல் இல்லாமல் இருக்க முடியாதது தனக்கா? “அத்தை.” திரும்பினாள். கல்யாணி, இடுப்பில் பட்டுப்புடவை நழுவ, கையில் காப்பித் தம்ளர். “குடிச்சிட்டுப் பாருங்க அத்தை, காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல.” “பாப்பா?” “தூங்குதா.” தம்ளரை மேஜைமேல் வைத்தாள், போகாமல் நின்றாள். “என்னளா?” “ஒண்ணுமில்ல. மாமனார் சொன்னாங்க, செரமமா இருந்தா தான் வேணா பேரச் சொல்லுதேன்னு. தப்பா ஒண்ணும் சொல்லல அத்தை, நல்ல மனசோடதான் சொன்னாங்க. அப்பாவும் சரின்னு தலையாட்டிட்டாங்க.” “தலையாட்டிட்டானா?” “சிரிச்சிக்கிட்டேதான்.” சிரித்துக்கொண்டே. அவன் எதற்குத்தான் சிரிக்க மாட்டான். ஐம்பத்தேழு சதவிகிதம். “நீ போ, இன்னும் நேரம் கிடக்கு” என்றாள் மங்கை. தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நூறு ஆனது. ஓடவிட்டாள். அதே வரி. எழுத்து பிசகாமல் அதே வரி. மணி பத்து நாற்பது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை, கொட்டாவி வந்தது. படியில் செருப்பில்லாத காலடி கேட்டது, அந்தக் காலடியை ஆயிரம் பேரில் கண்டுபிடிப்பாள், ஓடுகிற பஸ்ஸில் பிடிக்காமல் நடந்து பழகிய கால், தரையிலும் கொஞ்சம் அகட்டியே வைக்கும். அண்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். புது வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தோள் ரெண்டும் குலுங்கின. அவன் சிரிப்பு இப்போது அப்படித்தான், சத்தம் இருந்த இடத்தில் தோள். நோட்டை எடுத்து எழுதினான்: விடுளா. சம்பந்தி சொல்லட்டும். “விடமாட்டேன்” என்றாள். அவன் பென்சிலைக் காதில் செருகினான். அப்போது கேட்டுவிட்டாள், கேட்க வேண்டும் என்று நினைக்காமலே, “அண்ணே, நெசமாச் சொல்லு. ஒனக்கு இது வேணுமா, வேண்டாமா? எனக்காகத் தலையாட்டாத. வேண்டாம்னா இப்பவே மூடி வச்சிருதேன், ஒரு வருத்தமும் இல்ல.” காற்றாடி சுற்றியது. கீழே யாரோ வாழையிலையைக் கழுவிக் கழுவி அடுக்குகிற சத்தம். அவன் பென்சிலை எடுத்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டான். பிறகு எழுதினான், பயமா இருக்கு. அவள் அதை வாசித்து முடிக்குமுன்பே நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே, அழுத்தி, பென்சில் முனை மடிகிற அளவுக்கு அழுத்தி எழுதினான்: வேணும். அவ்வளவுதான். மங்கைக்கு உள்ளே ஏதோ ஒன்று கொக்கியிலிருந்து கழன்று சரியான இடத்தில் விழுந்தது. பயம் போகவில்லை, ஆனால் பயம் இப்போது ரெண்டு பேருக்கும் பொது. “அப்ப இரு இங்கனயே” என்றாள், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இனி கழுவுகிற வேலை இல்லை, தேடுகிற வேலை. நீ எடுத்துக்கொள்கிற ஒவ்வொரு லைப்ரரியையும் எங்கிருந்து எடுக்கிறாய், சொல். கேட்டால் சொல்லிவிடும், பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு மணி நேரமாக அவள் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். பட்டியல் வந்தது, ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் அது கிடைத்த இடம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். சரி. சரி. இதுவும் சரி. ஒலி லைப்ரரி, அதற்கு எதிரே, விரல் நின்றது. ‘பயிற்சி’ என்று ஒரு ஃபோல்டர். அவளுடைய ஃபோல்டர். பயிற்சியா? என்ன பயிற்சி? மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் நடந்த ஒருவார வகுப்பு, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் சொல்லிக்கொடுக்க, ஒலியைப் பதிவு செய்வது எப்படி என்று படித்துக்கொண்டாள், அன்றைக்கு ஒரு லைப்ரரியைக் கட்டி வைத்தாள், அண்ணனுக்கு இப்படி வரும் என்று ஒருவரும் கனவுகூடக் காணாத காலம், அவன் பஸ்ஸிலிருந்து போன் பண்ணி ‘என்னட்டி சாப்பிட்டியா’ என்று கத்திய காலம். அந்தப் பழைய லைப்ரரி அங்கேயே கிடக்கிறது. கிடந்தால் பரவாயில்லை, அதை முதலில் பார் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னது யார்? தொடங்கும்போதெல்லாம் அது வாசிக்கிற கோப்பைத் திறந்தாள். கடைசி வரி. எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஃபோல்டரைப் பார் என்று, அவள் கையால், அவள் எழுதியது. மூன்று வருஷமாக அந்தப் பிராணி ஒவ்வொரு நாளும் சொன்ன சொல் தட்டாமல் முதல் வேலையாக அந்த ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேற்றும் இன்றும் கட்டிய புதுசு பின்னால் வரிசையில் நின்று நின்று கால் கடுத்துப்போயிருக்கும். “அண்ணே, நாந்தாண்ணே! நானே எழுதி வச்சிருக்கேன்!” என்று அவள் துள்ளியதில் கட்டில் ஆடியது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தோள் குலுங்கியது. வரியை அழித்தாள். சேமித்தாள். ஓடவிட்டாள். அதே எரர். இல்லை. இல்லை, இருக்க முடியாது. இன்னொரு தடவை. அதே எரர். பதினொன்று அடித்துவிட்டது கீழே. கை வியர்த்து விசை வழுக்கியது. அழித்தாயிற்றே, கண்ணால் பார்த்தேனே, இன்னும் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறாய், பதிவுக்காக அண்ணனை உட்காரவைத்த நாற்காலி, மெத்தை, காகம், ஞமலி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டு வந்தன, போதும் என்று எழுந்துவிடலாமா, எழுந்தால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான், தட்டிக்கொடுப்பான், அதுதான் தாங்காது. பையன்கள் இப்படி வந்து நிற்கும்போது என்ன சொல்லுவாள் அவள்? மாத்திட்டேன் மேடம், ஆனா அப்படியே இருக்கு மேடம். ஏல, ஜன்னல மூடித் திறந்தியால? அட. அட அட. இந்தக் கறுப்பு ஜன்னல் காலையில் திறந்தது. திறக்கும்போது பழைய வரியை வாசித்தது. வாசித்ததையே இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. மாற்றியது இதற்கு எப்படித் தெரியும்? மூடினாள். புதுசாக ஒன்று திறந்தாள். ஓடவிட்டாள். எரர் இல்லை. ஒன்றுமே இல்லை. வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி திறந்து, சொல், என்று காத்திருந்தது.

என்ன சொல்ல? பேரைச் சொல்ல முடியாது, அது அவனுக்கு மட்டும் தெரிந்த பேர், பிள்ளையின் காதுக்கு முன்னால் வேறு எங்கும் போகக் கூடாது. ஆறு மணி நேரம் வேண்டுமானாலும் பேசுவாள், இப்போது ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. கண் மேஜைமேல் போனது. கல்யாணி வைத்த தம்ளர், மேலே ஆடை படிந்து, ஒரு எறும்பு விளிம்பைச் சுற்றிக்கொண்டு. தட்டினாள். “காப்பி ஆறிப்போச்சு” என்றான் சிவசைலம். அவன் வாய் மூடியிருந்தது. மேஜையிலிருந்து வந்தது அது, கரகரத்து, கொஞ்சம் தட்டையாக, ‘போச்சு’வில் மட்டும் அவனுக்கே உரிய அந்த இழுப்போடு. அவன் முதுகு நிமிர்ந்தது. தன்னைப் பேர் சொல்லி யாரோ தெருவிலிருந்து கூப்பிட்ட மாதிரி ஜன்னலைப் பார்த்தான், பிறகு மேஜையை, பிறகு அவளை. கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தது. தப்புப் பண்ணிவிட்டோமா. ஏன் அப்படிப் பார்க்கிறான். அவன் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலே குனிந்து, ஒற்றை விரலால் அந்தப் பெரிய விசையைத் தட்டினான். “காப்பி ஆறிப்போச்சு.” மறுபடி தட்டினான். “காப்பி ஆறிப்போச்சு.” நாலாவது தடவை தட்டும்போது தோள் குலுங்க ஆரம்பித்தது, ஆறாவது தடவையில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அது எந்தத் தண்ணீர் என்று அவளும் கேட்கவில்லை, அவளுக்கும் வழிந்தது. அவன் தம்ளரை எடுத்து, எறும்பை ஊதித் தள்ள வாயைக் குவித்து, ஊத முடியாது என்று நினைவு வந்து, விரலால் தள்ளிவிட்டு, ஆறின காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். “எனக்கு வச்சதுண்ணே அது!” என்றாள் மங்கை. சந்தோஷம் என்றால் இப்படியா இருக்கும், பசி மாதிரி, வயிற்றில், காலையிலிருந்து சாப்பிடாதது இப்போதுதான் தெரிந்தது.

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சம்பந்தி ஆறுமுகநயினார் லேப்டாப்பை அண்ணன் கையில் பார்த்ததும், ஒன்றும் கேட்காமல், தொட்டில் பக்கம் தான் உட்கார்ந்திருந்த பலகையைவிட்டு எழுந்து, “வாங்க சம்பந்தி, ஒங்க எடம்” என்றார். பதினொன்று இருபது. கல்யாணி பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஸ்பீக்கரைப் பிள்ளையின் காதுக்கு ஒரு சாண் தள்ளி, சத்தத்தைக் குறைத்து வைத்தாள் மங்கை. விசைகளில் அவள் ஒட்டிவைத்த தமிழ் எழுத்துகளின்மேல் அண்ணனின் ஆள்காட்டி விரல் வட்டமிட்டு, ஒவ்வொன்றாக இறங்கியது. அந்தப் பேரை இந்தக் குரல் இதுவரை சொன்னதே இல்லை, தப்பாகச் சொன்னால், திக்கினால், கடவுளே, என்று அவள் கண்ணை மூடிக்கொள்ளுமுன் அவன் தட்டிவிட்டான். “பொருநை.” ஊர் ஆற்றின் பழைய பேர். திக்கவில்லை. “பொருநை” என்றது மறுபடி, மெல்ல, கரகரப்பாக, தாத்தா குரலில். மூன்றாவது தடவை பிள்ளை வாயைக் குதப்பிக் கொட்டாவி விட்டது. மாப்பிள்ளை சத்தமாக மூக்கை உறிஞ்சினார். யாரோ குலவையிட்டார்கள், யாரோ சர்க்கரைத் தட்டை நீட்டினார்கள், மதினி மட்டும் கேசரி அடிப்பிடிக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். கேசரி இறக்கி ஒரு மணி நேரம் ஆகிறது, எல்லாருக்கும் தெரியும். அண்ணன் அந்த வாசலையே பார்த்தான். பிறகு ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்றச் சொல்லிக் கைகாட்டினான். மங்கை ஏற்றினாள். அவன் குனிந்து, ஒற்றை விரலால், தேடித் தேடி, வெகுநேரம் எதையோ தட்டினான். “காந்திமதி” என்று கூடம் முழுக்கக் கேட்டது. “இந்தா வாரேன்” என்று உள்ளேயிருந்து சட்டென்று மதினியின் பதில் வந்தது, யோசிக்காமல், ஏழு மாசத்துக்கு முன்னால் வந்துகொண்டிருந்த மாதிரி. அப்புறம் உள்ளே கரண்டி விழுந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் அண்ணன் மதினியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவரும் கேட்டதில்லை, ‘ஏளா’தான், ‘இங்கேரு’தான். எழுத்தில் தேடும்போது ‘ஏளா’ அவனுக்குத் தோன்றவில்லையோ என்னவோ. மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் மாவு, கண் சிவந்து. “பேரச் சொல்லியா கூப்பிடுதீய? இத்தனை பேர் முன்னால?” என்றாள். அண்ணன் தோள் குலுங்கத் தொடங்க, சம்பந்தி சிரிக்க, கல்யாணி சிரிக்க, சிரிப்பில் பிள்ளை விழித்து அழ, வீடே ஒரே சத்தமாகிப்போனது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “இன்னொருக்கா கூப்பிடுங்க” என்றாள்.